பிரேக் லைட் பல்பு 25 ரூபாய்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். என் வண்டி குட்டி யானை. 11 வருடமாக இதுதான் பிழைப்பு. மணி ஒன்றரை இருக்கும், வழியில் ஒரு இடத்தில் டார்ச் அடித்து ஓரங்கட்டச் சொன்னார்கள். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. இது ஒரு ஊரின் சங்கதி இல்லை, ஒரு ஆளின் சங்கதியும் இல்லை.

நான் இறங்குவதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியை உருவிக்கொண்டார். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று, லைசென்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தவர், "லெஃப்ட் பிரேக் லைட் எரியலயேடா" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். உண்மைதான், எரியவில்லை. கிளம்பும்போது பார்த்திருக்க வேண்டும். தார்ப்பாய் கட்டும் அவசரத்தில் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

"பார்த்துப் பண்ணு" என்றார் இன்னொருவர். ஓட்டுநர்களுக்கு இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சலான் போடச் சொன்னேன். அதற்கு முகம் மாறியது. முக்கால் மணி நேரம் ஓரமாக நிற்க வைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்த நாலைந்து வண்டிகள் "பார்த்துப் பண்ணி"விட்டுப் போய்விட்டன. கடைசியில் 500 ரூபாய்க்குச் சலான் வந்தது, சாவியும் வந்தது. காந்தி மார்க்கெட்டில் நான் இறக்கும்போது நல்ல விலை போகும் நேரம் முடிந்திருந்தது. மண்டிக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த லோடு வேறு வண்டிக்குப் போனது.

ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். என்னை நிறுத்தியபோது பிரேக் லைட் எரியவில்லை. சலான் வாங்கிக்கொண்டு நான் கிளம்பியபோதும் எரியவில்லை. அந்த இருட்டில் திருச்சி வரைக்கும் அப்படியேதான் ஓட்டினேன். மறுநாள் மதியம் ஊருக்குத் திரும்பி 25 ரூபாய் கொடுத்து பல்பை மாற்றினேன். என் பின்னால் பைக்கில் வரும் ஒருவனின் உயிருக்காகத்தான் என்னை நிறுத்தினார்கள் என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் அவனுக்காக ஒன்றுமே நடக்கவில்லை.

நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. என் பெரியப்பா மகன் ஒரு மார்கழி இரவில், ரோட்டோரம் நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் மோதி இறந்தான். டிரெய்லருக்குப் பின்னால் விளக்கும் இல்லை, சிவப்பு ஸ்டிக்கரும் இல்லை. அந்த டிராக்டரை அன்று சாயங்காலம் யாராவது நிறுத்தியிருந்தால் அவன் பிள்ளைகள் இன்று அப்பாவோடு இருப்பார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் அந்த வருடம் நாம்தான். இந்தக் கணக்கில் என் வீட்டு ஆள் மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள். அதனால் தாராளமாக நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு இரவில் என்னை ஒரு ஏட்டையா நிறுத்தினார். அன்றைக்கு வலது பக்க டெயில் லைட். ஓய்வு பெறும் வயது, நரைத்த மீசை. "தம்பி, பின்னாடி உன் வண்டி ஒத்தைக் கண்ணா தெரியுது. வர்றவன் பைக்குன்னு நெனச்சு ஒதுங்காம வருவான்" என்றார். பக்கத்தில் பெட்ரோல் பங்கை ஒட்டி லாரிக்காரர்களுக்காக ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு எலக்ட்ரிக் கடை. "அங்க போய் மாத்திட்டு வந்து எனக்குக் காட்டிட்டுப் போ" என்றார். பத்து நிமிடம் ஆனது. காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஒத்தைக் கண் என்று அவர் சொன்ன அந்த வார்த்தைக்காகவே நான் பல வருடம் கிளம்பும் முன் விளக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். எந்த அபராதமும் எனக்கு அதைச் செய்ததில்லை.

சின்னக் குறைகள் எத்தனை வகை என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். காக்கிச் சட்டை போடவில்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, நம்பர் பிளேட்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது, ஹெட்லைட்டில் கறுப்புப் பொட்டு இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. தேடினால் எந்த வண்டியிலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். ஷோரூமிலிருந்து நேற்று வெளியே வந்த வண்டியாக இருந்தாலும் கிடைக்கும். அதனால்தான் இது பயமாக இருக்கிறது. தப்பு செய்தால் மாட்டுவோம் என்றால் தப்பு செய்யாமல் இருக்கலாம். எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும் என்றால், அன்றைக்கு நிறுத்துகிறவரின் மனசை நம்பித்தான் வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகைகள் வந்தன. வேறு பிரிவில் வராத சின்னத் தப்புகளுக்கு 177-ஆம் பிரிவு. முன்பு முதல் முறைக்கு 100 ரூபாய் இருந்தது, இப்போது 500. திரும்பவும் மாட்டினால் 1,500. குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு 10,000 போடுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இன்னும் கூட்டினாலும் சரி. ஆனால் திருச்சிக்கு ஒரு நடை போய் வந்தால் டீசல், டோல், லோடுமேன் கூலி, வண்டி டியூ எல்லாம் போக என் கையில் நிற்பது ஆயிரம் ரூபாய் பக்கம். அதில் பாதி ஒரு பல்புக்குப் போகிறது என்றால் அந்த வாரம் வீட்டில் எதையோ குறைக்க வேண்டும்.

"பார்த்துப் பண்ணு" என்பது வளர்வதும் இந்த இடத்தில்தான். சலான் 500, கையில் கொடுத்தால் 200. நேரமும் மிச்சம், தக்காளியும் அழுகாது. நானும் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை இல்லை, பல முறை. அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுதினால் நான் பொய்யன். கொடுத்த ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால் வருகிற ஓட்டுநருக்குத்தான் கெடுதல் செய்திருக்கிறேன். ஒருவன் கொடுக்கக் கொடுக்க, சலான் கேட்கிறவன்தான் அங்கே திமிர் பிடித்தவனாகத் தெரிகிறான்.

சாவிக்கு வருகிறேன். சட்டத்தில் 206-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி லைசென்ஸைப் பிடித்து வைத்தால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாம் வண்டி ஓட்டலாம். 207-ஆம் பிரிவில் பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாத வண்டி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வண்டி என்று எவற்றைப் பிடித்து வைக்கலாம் என எழுதியிருக்கிறது. ஓடுகிற வண்டியில் கையை விட்டு சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டிலும் இல்லை. பைக்கில் இது இன்னும் ஆபத்து. வண்டி முழுதாக நிற்பதற்குள் சாவியைப் பிடிக்கக் கை நீட்டி, ஓட்டுகிறவர் தடுமாறி விழுவதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

காகிதமும் அப்படித்தான். 2017 செப்டம்பரில் ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு வந்தபோது நாங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். மழைக்கும் வியர்வைக்கும் நடுவில் ஒரிஜினலை பனியனுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினோம். மறுவருடம் ஆகஸ்டில், போனில் இருக்கும் டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் உள்ள ஆவணத்தை ஒரிஜினலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. 2020 அக்டோபரிலிருந்து விதியே மாறிவிட்டது. மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் போனை நீட்டினால் "அதெல்லாம் வேணாம், ஜெராக்ஸ் எங்க" என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன.

அப்புறம் இந்த "டா". என் அப்பா லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவர். காக்கி உடுப்பைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். எனக்கு இப்போது 43 வயது. என் தோளில் துண்டு இல்லை. ஆனால் ஓரங்கட்டி இறங்கும்போது மடித்துக் கட்டிய லுங்கியை என் கை தானாக இறக்கிவிடுகிறது. மரியாதைக்காக இறக்கினால் பரவாயில்லை, பயத்தில் இறங்குகிறது. 25 வயதுப் பையன் "டா" போடும்போது "சார்" என்றுதான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் சாவி அவனிடம் இருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் 2018-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜனவரியில் சென்னையில் ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர், தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன பையன், சீட் பெல்ட் போடவில்லை என்று நிறுத்தப்பட்டான். போலீஸார் அடித்தார்கள், அசிங்கமாகப் பேசினார்கள் என்று சொல்லி நடுரோட்டிலேயே உடம்பில் தீ வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச்சில் திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் எட்டி உதைத்தார். கணவன் மனைவி இருவரும் விழுந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் செத்துப்போனார். அன்று இரவு ஆயிரக்கணக்கான பேர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்த வழியாக நான் இன்றும் போகிறேன். ஒரு சீட் பெல்ட், ஒரு ஹெல்மெட். இரண்டுமே உயிரைக் காப்பாற்ற வந்த சட்டங்கள்.

போலீஸ்காரர்கள் பக்கமும் நான் யோசிக்காமல் இல்லை. என் மச்சான் ஒருவர் காவல்துறையில் இருக்கிறார். பகலில் பந்தோபஸ்து, இரவில் வாகனச் சோதனை, வார லீவு கிடைத்தால் அதிர்ஷ்டம். "இன்னைக்கு எத்தனை கேஸ்னு மேல கேப்பாங்க மாப்ள. எத்தனை வண்டிக்கு லைட்டு மாத்த வச்சேன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்று ஒரு நாள் சொன்னார். நான் ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல முடியாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எதை எண்ணுகிறார்களோ அதுதான் ரோட்டில் நடக்கும்.

என் சித்தி மகன் இங்கிலாந்தில் டெலிவரி வேன் ஓட்டுகிறான். போனில் இதைச் சொன்னபோது அவன் தன் அனுபவத்தைச் சொன்னான். அவனையும் ஒரு நாள் பிரேக் லைட்டுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். அபராதம் போடாமல் ஒரு சீட்டு கொடுத்தார்கள். 14 நாளுக்குள் சரிசெய்து, ஒர்க்‌ஷாப்பில் சான்று வாங்கிக் காட்டிவிட்டால் அத்தோடு முடிந்தது. காட்டாவிட்டால்தான் வழக்கு. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் இதே போல ஒரு முறை உண்டு. குறையைச் சரிசெய்து காட்டினால் 25 டாலர் கட்டணத்தோடு விட்டுவிடுகிறார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

நமக்கும் இது புதிதில்லை. போக்குவரத்துத் துறை அதிகாரி கேட்கும்போது இன்ஷூரன்ஸ், எஃப்.சி. கையில் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் நகலைக் கொடுக்கலாம் என்று நம் சட்டத்தின் 130-ஆம் பிரிவே அவகாசம் தருகிறது. காகிதத்துக்கு 15 நாள் கொடுக்க மனசு இருக்கிறது, பல்புக்கு ஏன் ஏழு நாள் கொடுக்கக் கூடாது? சலான் போடும் மெஷினிலேயே "சரிசெய்து காட்டவும்" என்று ஒரு வகை வைக்கலாம். பல்பு எரியும் போட்டோவை எந்தக் காவல் நிலையத்திலும் காட்டி முடித்துக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காத வண்டி, டயர் நூல் தெரிகிற வண்டி, மூச்சில் சாராய நாற்றம் அடிக்கிற ஓட்டுநர், இதற்கெல்லாம் அவகாசமே வேண்டாம். அங்கேயே நிறுத்தி வையுங்கள்.

ஓட்டுகிற நண்பர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கிளம்பும் முன் பங்கில் டீசல் போடும் பையனைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை ஒரு முறை மிதியுங்கள். டேஷ்போர்டில் இரண்டு பல்பு, நாலு ஃபியூஸ் எப்போதும் கிடக்கட்டும். நான் இப்போது வைத்திருக்கிறேன். தப்பு நம்முடையது என்றால் ஒத்துக்கொண்டு சலானை வாங்குவோம், 200-ஐ நீட்ட வேண்டாம். நேரம் போகும், லோடும் போகலாம், எனக்குப் போனது. தெரிந்துதான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற காவல்துறை நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். திண்டுக்கல் ரோட்டில் எங்கள் மெக்கானிக்கிடம் விசாரித்தேன். பிரேக் லைட் பல்பு 40 மொத்தமாக எடுத்தால் ஆயிரம் ரூபாய்க்குள் தருகிறேன் என்றார். ஒரு பெட்டி நான் வாங்கித் தருகிறேன், கூட ஒரு ஸ்க்ரூ டிரைவரும். ஒட்டன்சத்திரத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் இரவுச் சோதனை நடக்கிற எந்த இடத்தில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று மட்டும் கமெண்ட்டில் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள் அந்த வழியாகத்தான் போகிறேன்.