லெமினேட்டரை மிச்சக் காசில் வாங்காதீர்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மருதானை, வெள்ளவத்தை, எங்கே புதுசாக டிஜிட்டல் பிரின்ட் கடை போடுகிறவர்களைப் பார்த்தாலும் பேச்சு ஒன்றுதான். எந்த பிரின்டர், எத்தனை அடி அகலம், மணித்தியாலத்துக்கு எவ்வளவு அடிக்கும். கையிலிருக்கிற காசும் லீசிங் காசும் அதிலேயே முடிந்துவிடும். கடைசியில், "அப்படியே ஒரு லெமினேட்டரும் போட்டுத் தாங்க" என்பார்கள். அடித்த ஸ்டிக்கருக்கு மேல் கண்ணாடி மாதிரி ஃபிலிமை அழுத்தி ஒட்டுகிற மெஷின் அது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். ஸ்டிக்கர் வேலை செய்து பிழைக்கப்போகிற சின்னக் கடைக்கு பிரின்டர் எவ்வளவு முக்கியமோ, லெமினேட்டரும் அவ்வளவு முக்கியம். திரும்பி வருகிற ஸ்டிக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறம் சரியாகத்தான் இருக்கும். ஓரம் எழும்பியிருக்கும், இல்லாவிட்டால் மேல் ஃபிலிம் தனியாகக் கழன்று நிற்கும்.

பிரின்டரை முதலில் முடித்துவிடுகிறேன். 3.2 மீற்றர் ஃப்ளெக்ஸ் மெஷின் உங்களுக்கு வேண்டாம். கொழும்பில் அந்த மெஷின் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே சதுர அடிக் கணக்கில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோயில் திருவிழா பெனரும் கண்ணீர் அஞ்சலியும் வந்தால் அவர்களிடமே அடித்து வாங்குங்கள். உங்களுக்கு 1.6 மீற்றர் எகோ சொல்வென்ட், அதாவது மென்மையான கரைப்பான் மையில் அடிக்கிற பிரின்டர், போதும். ஸ்டிக்கருக்கு அடிக்கிற வினைல் ரோல்கள் பெரும்பாலும் 1.27, 1.37, 1.52 மீற்றர் அகலத்தில்தான் வருகின்றன.

வேகத்தை விளம்பரத் தாளில் பார்க்காதீர்கள். அதில் போட்டிருப்பது அவசர மோட் வேகம். விற்கத் தகுந்த தரத்தில் அடிக்கும்போது அதில் பாதிகூட வராது. டெமோவுக்குப் போகும்போது மிளகாய்த்தூள் பக்கெட் லேபிள் ஒன்றைக் கொண்டுபோங்கள், மூன்று மொழியிலும் பொடி எழுத்து உள்ளதாக. மை தெளிக்கிற ஹெட்டிலிருந்து சொட்டு பெரிதாக விழுந்தால் 'ண' எது, 'ன' எது என்று தெரியாமல் சுழி அடைத்துப்போகும். சிங்கள எழுத்தின் வளைவுகளுக்கும் அதே கதி. பளபளப்பான பூப்படத்தை அடித்துக் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

ஜப்பான் மெஷினா, சீன மெஷினா? இரண்டாலும் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீன மெஷின்கள் பலவற்றிலும் எப்சன் ஹெட்தான். அதில் XP600 என்ற ஹெட் விலை குறைவு, ஆயுளும் குறைவு. i3200 விலை கூட, நாள் கூட உழைக்கும். ஆனால் ஹெட்டுக்கு மை விடுகிற டம்பர், அதை மூடி வைக்கிற கேப், துடைக்கிற வைப்பர் மூன்றும் கொழும்பில் கைவசம் இருக்கிறதா, டெக்னீஷியன் போன் எடுப்பாரா என்பதுதான் முதல் கேள்வி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, பாகத்துக்கு ஓடர் போட்டுக் காத்திருந்த கடைகள் எப்படித் தவித்தன என்று இந்தத் தொழிலில் உள்ள யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அதே மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருட்டு. அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் கேப்பில் போய் உட்காராமல் நடுவழியில் நிற்கும், மை காய்ந்தால் ஹெட் முடிந்தது. ஹெட்டைப் பார்க் பண்ணி அணைக்கிற அளவுக்காவது யு.பி.எஸ் கட்டாயம். ஹீட்டருக்குத் தனி இணைப்பு உள்ள மெஷின் என்றால் ஹீட்டரை யு.பி.எஸ்ஸில் கொடுக்காதீர்கள், தாங்காது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எகோ சொல்வென்ட் பிரின்ட் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். வினைலுக்குள் ஊறிய கரைப்பான் வெளியேற, குறைந்தது 24 மணித்தியாலம் விட வேண்டும். கறுப்பும் கடும் சிவப்பும் அடர்த்தியாக விழுந்த இடத்துக்கு இன்னும் கூட. அதையும் ரோலாக இறுக்கிச் சுற்றி வைத்தால் பிரயோசனம் இல்லை. தளர்வாகச் சுற்றி நிறுத்துங்கள், அல்லது விரித்துத் தொங்கவிடுங்கள். மூக்குக்குக் கிட்ட வைத்துப் பாருங்கள், மை வாசம் அடித்தால் இன்னும் ஆகவில்லை. அதற்குள் ஃபிலிமை ஒட்டினால் கரைப்பானுக்குப் போக வழியில்லை, கீழே இறங்கிப் பசையை இளக்கும். வினைல் சுருங்கி, வெட்டிய ஓரத்தில் மெல்லிய பசைக்கோடு வெளியே தெரியும். கொழும்பு காலி வீதித் தூசு அதில் படிந்து சில நாளிலேயே கறுத்த கரை கட்டிவிடும். வாடிக்கையாளர் ஸ்டிக்கரைக் குறை சொல்வார், கடை சப்ளையரைக் குறை சொல்லும்.

"அண்ணா, பின்னேரம் எடுக்கலாமா?" என்று கேட்கிற வேலைதான் உங்களுக்கு அதிகம் என்றால் தண்ணீர் மையில் அடிக்கிற லேட்டெக்ஸ் பிரின்டர் பாருங்கள். அடித்த கையோடு லெமினேட் பண்ணலாம், ஹெட்டையும் நீங்களே மாற்றலாம். ஆனால் சூட்டில் காய வைக்கிற மெஷின், கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

லெமினேட்டர் பார்க்கப் போகும்போது கடதாசிக் கீலங்கள் மூன்று கொண்டுபோங்கள். ரோலருக்கு இடையில் இடம், நடு, வலம் என்று வைத்து இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். மலிவு மெஷினின் ஒல்லி ரோலர் நடுவில் வளையும். ஓரம் இறுகும், நடுக்கீலம் சும்மா கழன்று வரும். பிறகு முழுக் கறுப்பாக அடித்த நீளத் துண்டு ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். காற்று அகப்பட்டால் கறுப்பில் வெள்ளிப் பொடி தூவினாற்போலத் தெரியும். மேல் ரோலர் 40, 50 பாகை வரை சூடாகிற மெஷின் என்றால் அது நன்றாகக் குறையும். அந்த வசதிக்குக் கூடக் கொடுக்கிற காசு வீணில்லை. ஆனால் 100 பாகைக்கு மேல் போகிற ஹொட் லெமினேட்டர் கடதாசி வேலைக்கு உரியது, அதில் வினைலைக் கொடுத்தால் சுருண்டுவிடும்.

ஃபிலிமும் வினைலுக்குப் பொருந்த வேண்டும். ஓட்டோ, வேன் வளைவுகளில் அதிகம் சுருங்காத காஸ்ட் வினைல் ஒட்டிவிட்டு மேலே சீக்கிரம் சுருங்குகிற, மலிவான மொனோமெரிக் ஃபிலிம் போட்டால், ஃபிலிம் சுருங்கும்போது கீழே உள்ளதையும் இழுத்துக்கொண்டு வரும். கொழும்பு ஈரக் காற்றையும் மறக்க வேண்டாம். ரோலைப் பையில்லாமல் விட்டால் பின்தாள் ஈரம் குடித்து ஓரம் அலையாகும், அந்த அலையில் ஹெட் உரசும். ஏ.சி. அறைக்குக் காசு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மெஷின் தேடுங்கள்.

நம்முடைய கடைகள் ஒடுக்கமானவை. 1.6 மீற்றர் மெஷினின் உடம்பு அதைவிட நன்றாக நீளம். லெமினேட்டருக்கு முன்னாலும் பின்னாலும் மேசை வேண்டும், ரோல் ஏற்றப் பக்கத்தில் ஆள் நிற்கவும் வேண்டும். ஷட்டர் அகலம், படிக்கட்டுத் திருப்பம் எல்லாம் அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.