நாயகன் ஏன் எப்போதும் தொழிலதிபர்?

'இன்றைய காதல் நாவல்கள் எல்லாம் ஒரே அச்சு' என்று தமிழ்க் காதல் கதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரை சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதானே வாங்குகிறோம்! என் எரிச்சல் வேறு. வளையல் உடையும்படி நாயகன் நாயகியின் கையை முறுக்குவான், அடுத்த அத்தியாயத்தில் அதற்குப் பெயர் காதல். கோயம்புத்தூர் பங்களா, கோபக்காரத் தொழிலதிபர், கட்டாயக் கல்யாணம்... கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் புத்தகக் கடையில் எதை எடுத்தாலும் இதேதான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்குக் காதல் வராதா?

காமிக்ஸை ஒரே வரியோடு விட்டுவிட்டீர்கள். முத்து (1972), லயன் (1984) காமிக்ஸ் இதழ்களைப் படித்து வளர்ந்த எங்களுக்குக் காமிக்ஸ் என்றாலே துப்பாக்கியும் குதிரையும்தான். என் மகளோ எல்ஆர்டி ரயிலில், கைப்பேசியில் மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும் காமிக்ஸான கொரிய வெப்டூனில் மூழ்கிக் கிடக்கிறாள். எட்டிப் பார்த்தேன். நாயகன் கை நீட்டுகிறான். அப்புறம் வெறும் வெள்ளை, வெள்ளை. விரலால் தள்ளிக்கொண்டே போனால்தான் அவள் கை வருகிறது. அந்தத் தவிப்பைச் சொல்ல நம் எழுத்தாளர்களுக்கு நான்கு பக்கம் வேண்டும், கூடவே மழையும் பெய்தாக வேண்டும். அங்கேயும் பணக்கார வாரிசுகள் உண்டு, சரி. ஆனால் தப்புச் செய்தால் மன்னிப்பாவது கேட்கிறார்கள். பினாங்குப் படகுத்துறையை வைத்து யாராவது தமிழில் இப்படி வரைந்தால், காசு கொடுத்துப் படிக்க நான் தயார்.