கண்டதும் பிடித்ததும்

ஏற்கெனவே இருப்பதைக் காணும் டிஸ்கவரி, இல்லாததைப் புதிதாக உருவாக்கும் இன்வென்ஷன் இரண்டுக்கும் தமிழில் 'கண்டுபிடிப்பு' என்று ஒரே சொல்தான் புழங்குகிறது, அது நம் மொழியின் குறை என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஆங்கிலத்திலேயே அந்தப் பிரிவினை பிற்பாடு வந்ததுதான்.

'டிஸ்கவர்' என்ற சொல்லுக்குள் 'கவர்' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். மூடியிருப்பதை விலக்குவது என்ற பொருளில் லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆரம்பத்தில் ரகசியத்தை வெளியே சொல்வதற்கும் காட்டிக்கொடுப்பதற்கும் அதைத்தான் சொன்னார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில், திரையை விலக்கி உள்ளே இருப்பதைக் காட்டினாலும் டிஸ்கவர்தான்.

சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம் யானைக்கும் எதிராளியின் ராஜாவுக்கும் நடுவே நம் குதிரை நிற்கிறது. குதிரையை எடுத்து வேறு கட்டத்தில் வைத்ததுமே ராஜாவுக்கு செக். யானை அசையவே இல்லை. மறைப்பு போனது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் டிஸ்கவர்ட் செக்.

சரி, இன்வென்ட்? அதன் லத்தீன் வேருக்கு 'எதிர்ப்படுவது' என்று பொருள். ஏசுவின் சிலுவை கண்டெடுக்கப்பட்டதை நினைவுகூரும் திருநாளுக்கு ஆங்கிலத்தில் 'இன்வென்ஷன் ஆஃப் த கிராஸ்' என்றே பெயர். யாரும் புதிதாகச் செய்ததைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

அதனால்தான் 1492-இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. ஐரோப்பியர் கண்ணுக்கு மறைந்திருந்த நிலம், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு எப்போது மறைந்திருந்தது? 'ஐரோப்பியர்களுக்காக' என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் என்ன?

நம் சொல்லில் இரண்டு வேலை இருக்கிறது: காண்பது, பிடிப்பது. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போவதும் உண்டு. 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் கலிலியோ தொலைநோக்கியில் வியாழனைக் கவனித்தபோது, பக்கத்தில் ஓர் ஒளிப்புள்ளியையும் குறித்துவைத்தார். முந்தைய இரவு அது அருகிலிருந்த நட்சத்திரத்திலிருந்து வேறு தூரத்தில் தெரிந்தது என்றுகூட எழுதினார். ஆனாலும் நட்சத்திரம் என்றே விட்டுவிட்டார். அது நெப்டியூன் கோள். 1846 செப்டம்பர் 23 இரவு, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள், பெர்லினில் ஜெர்மன் வானியலாளர் காலே அதைக் கண்டுபிடித்தார்.