அரை மணி நேரம் போதாது

கனடாவில் வீட்டில் கஞ்சா வெண்ணெய் சேர்த்துச் சுடும் பிரவுனி பற்றி இங்கே ஒரு குறிப்பு பரவுகிறது: அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு துண்டு சாப்பிடலாம் என்று. மன்னிக்கவும், அது சரியல்ல.

புகைத்தால் சில நிமிடங்களில் தெரிவது, சாப்பிட்டால் தெரிய 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை ஆகும். உச்சம் தொட 4 மணி நேரம் வரைகூட ஆகலாம். 12 மணி நேரம் வரை நீடிக்கும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் வழியாகச் சென்று, அங்கே ஒரு பகுதி 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி. என்ற வேறு வடிவமாக மாறி, அதன் பிறகே மூளைக்குப் போகிறது. வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதம். இரண்டாம் துண்டு உள்ளே போனபின் முதல் துண்டு ஏறத் தொடங்கும். பதற்றம், வாந்தி, படபடப்பு என்று அவசர சிகிச்சைக்குப் போகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

சரிபார்ப்பது எளிது. கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் இணையதளத்தில் கஞ்சா உணவு பற்றிய பக்கத்தில் இதே நேர அளவுகள் இருக்கின்றன. முதல்முறை 2.5 மி.கி. டி.எச்.சி.க்கு மேல் வேண்டாம் என்றும் அங்கே சொல்கிறார்கள். கடைப் பொட்டலத்தில் சட்டப்படி மொத்தமே 10 மி.கி.தான், வீட்டுப் பிரவுனியில் ஒரே துண்டு அதைத் தாண்டிவிடலாம். அன்று இரண்டாம் துண்டே வேண்டாம்.