எல்லாவற்றுக்கும் லவ் என்று பெயர் வைக்காதீர்கள்

படிவம் நான்கு படிக்கிற பள்ளிப் பையன் ஒருத்தன் ஒரு பெண்ணைப் பார்த்த மறுவாரமே "லவ் பண்றேன்" என்கிறான். அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் குடியிருக்கும் தாமான் முனையில் மோட்டாரை நிறுத்திக்கொண்டு நிற்கிறவனும் லவ் என்றுதான் சொல்கிறான். விடியற்காலையில் ஒன்றாகப் போய்ப் பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய நம் தாத்தா பாட்டிக்குள் இருந்ததற்கும் இதே பெயர்தானா? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். கிரஷ், இன்ஃபாச்சுவேஷன், லவ், அப்செஷன் எல்லாம் ஒரே உணர்ச்சிதான், கொஞ்சமாக இருந்தால் கிரஷ், முற்றினால் லவ், இன்னும் முற்றினால் அப்செஷன், அதுதான் உச்சம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிரஷ் என்பது சின்ன ஈர்ப்பு, வந்த மாதிரியே போய்விடும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இன்ஃபாச்சுவேஷனில் அந்த ஆளையே நமக்குச் சரியாகத் தெரியாது, மனசுக்குள் நாமே ஓர் ஆளைச் செய்து வைத்துக்கொண்டு மயங்குகிறோம். ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் என்ற உளவியலாளர் 1986-இல் காதலை நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு என்று மூன்றாகப் பிரித்தார். வேட்கை மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாததற்கு அவர் வைத்த பெயர்தான் இன்ஃபாச்சுவேஷன். அப்செஷன், அதாவது வெறிபிடித்த பற்று, வேறு ரகம். அதில் எதிரில் இருப்பவளின் விருப்பத்துக்கு இடமே கிடையாது.

டோரதி டென்னோவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் எழுதிய நூலில் இதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நிலையை லிமரன்ஸ் என்று சொன்னார், ஒருவரையே ஓயாமல் நினைத்துக்கொண்டு அவரும் நம்மை நினைக்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடப்பது. நம்பிக்கையும் சந்தேகமும் கலந்திருக்கிறவரை அந்த ஏக்கம் அடங்காது என்பதையும் அவர் கவனித்தார். அதனால்தான் "விடாதடா மச்சான், பொண்ணுங்க முதல்ல வேணாம்னுதான் சொல்வாங்க" என்று உசுப்பேற்றுகிற கூட்டாளிகள்மீது எனக்கு அந்தப் பையன்மீது இருப்பதைவிட அதிகக் கோபம். அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். தானாக அடங்கப் போனதை இவர்கள்தான் மறுபடியும் கிளப்பி விடுகிறார்கள்.

நம் முன்னோர் இதையெல்லாம் அப்போதே பிரித்துப் பார்த்தவர்கள். தொல்காப்பியம் ஏழு திணை சொல்லி, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று ஓர் ஓரத்திலும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்று இன்னோர் ஓரத்திலும் வைத்தது. பனைமடல் குதிரை ஏறி ஊர் நடுவே வந்து பெண்ணைக் கேட்பதும், அளவு மீறிய காமத்தில் பலாத்காரமாக நடப்பதும் பெருந்திணையில்தான் வரும். இருவர் மனமும் ஒத்த அன்புக்குத்தான் நடுவில் உள்ள ஐந்தும். நள்ளிரவில் புலனத்தில் (வாட்ஸ்அப்) "நீ இல்லேன்னா செத்துடுவேன்" என்று குரல்பதிவு அனுப்புகிறவன் ஏறுவதும் அந்த மடல்தான். அதைக் காதலின் ஆழம் என்று யாரும் அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. 2023 மே 31 முதல் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கும் 507ஏ பிரிவு நடப்பில் உள்ளது. ஒருவரைப் பின்தொடர்வது, வீட்டுப் பக்கமோ வேலையிடத்துப் பக்கமோ சுற்றிக்கொண்டிருப்பது, செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது, ஏன், பரிசுப் பொருள் அனுப்புவதுகூட, பயமோ மன உளைச்சலோ உண்டாகும் என்று தெரிந்தே இரண்டு முறை செய்தாலே போதும். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் நம்மூரில் என்ன நடக்கிறது? விஷயம் தெரிந்ததும் பெண்ணின் கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள், டியூஷனை நிறுத்துகிறார்கள், எஸ்பிஎம் பரீட்சை வருஷமாக இருந்தாலும் சரி, ஈப்போவில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று பேசுகிறார்கள். வேண்டாம் அக்கா, வேண்டாம் அண்ணே. அவன் அனுப்பியதில் ஒன்றையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு மகளோடு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் வருகிறேன்.