சதுரங்க மென்பொருளின் புரிதலை எதைக் கொண்டு அளப்பது?

மட்டக்களப்பில் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது, எந்த மென்பொருள் காய்நிலையை உண்மையாகவே விளங்கிக்கொள்கிறது என்பதுதான். கைபேசியில் ஸ்டொக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் +0.7 (வெள்ளைக்குச் சற்றுச் சாதகம்) என்று காட்டினால் அதுவே தீர்ப்பு என்றாகிவிட்ட காலத்தில் இது நியாயமான கேள்வி. ஆனால், அதைச் சோதிப்பதற்கென்று வழக்கத்திலுள்ள முறைகள் பெரும்பாலும் புரிதலை விட்டுவிட்டுக் கணக்கிடும் வேகத்தையே அளக்கின்றன என்பது என் கருத்து.

கணினி ஆய்வாளர்களான இவான் பிராட்கோவும் டானி கோபெக்கும் 1982 இல் வெளியிட்ட சோதனையில் 24 நிலைகள் இருந்தன. பாதி, அடுத்தடுத்த வெட்டுகளைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியவை. மறுபாதி, சிப்பாயைத் தள்ளி எதிராளியின் சிப்பாய் அமைப்பை உடைக்க வேண்டியவை. முதற்பாதியில் வல்லதாக இருந்த நிரல் இரண்டாம் பாதியில் தடுமாறினால், அதன் பலவீனம் எங்கே என்பது வெளிச்சமாகிவிடும். பின்னர் டான் கோர்பிட்டும் சுவாமிநாதன் நடராஜனும் 15 தலைப்புகளில் தலா 100 நிலைகளைத் தொகுத்து, இரண்டாந்தரமான நகர்வுகளுக்கும் பகுதிப் புள்ளி கொடுத்தார்கள். நல்ல உழைப்புத்தான். ஆனாலும், வெளியாகிவிட்ட நிலைகளுக்கு ஏற்றபடி நிரலைத் திருத்திக்கொண்டு புள்ளி வாங்குவது, கடந்தகால வினாத்தாளை மனனம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போவதைப் போன்றது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1953 இல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு ஆடிய கிராண்ட்மாஸ்டர் பெட்ரோசியன், 25 ஆவது நகர்வில் தன் கோட்டையை எதிராளியின் மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் தானாகவே கொண்டுபோய் வைத்தார். வெள்ளையின் நடுச் சிப்பாய்களை மறித்துத் தன் குதிரையை யாரும் விரட்ட முடியாத இடத்தில் நிறுத்துவதே நோக்கம்; குதிரை அங்கே போய்ச் சேர்ந்தது, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இன்று ஒரு மென்பொருள் அதே நகர்வைக் காட்டினால், அந்தக் குதிரையின் பெறுமதி தெரிந்து காட்டியதா, அல்லது மற்ற வழிகள் எல்லாவற்றையும் ஆழமாகத் தேடி அவை மோசமாவதைக் கண்டபிறகு காட்டியதா என்பதைப் புள்ளிப்பட்டியல் சொல்லாது.

ஆகவே தேடலை, அதாவது மென்பொருள் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கையை, கட்டிப்போட்டுவிட்டுக் கேட்க வேண்டும். 2018 இல் வெளியான, அல்ஃபா சீரோ என்ற மென்பொருள் பற்றிய ஆய்வில், அது வினாடிக்கு ஏறத்தாழ 60,000 நிலைகளையும் ஸ்டொக்ஃபிஷ் ஏறத்தாழ 6 கோடி நிலைகளையும் பார்த்தன. 1000 ஆட்டங்களில் அல்ஃபா சீரோ 155 இல் வென்று 6 இல் மட்டும் தோற்றது. இரண்டும் ஓடிய வன்பொருள் ஒன்றல்ல என்ற ஆட்சேபத்தை நானும் ஏற்கிறேன். இருந்தாலும், குறைவாகப் பார்த்துச் சரியாக மதிப்பிடும் திறன் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழி, நிலைகளைச் சோடியாகக் கொடுப்பது. இயற்பியலாளர் ரொஜர் பென்ரோஸ் 2017 இல் முன்வைத்த நிலையில் கறுப்புக்கு ராணி, இரண்டு கோட்டைகள், மூன்று மந்திரிகள். வெள்ளைக்கு ராசாவும் சில சிப்பாய்களும் மட்டுமே. மென்பொருள்கள் கறுப்புக்கே பெருவெற்றி என்றன. ஆனால் ராணியும் கோட்டைகளும் அடைபட்டுக் கிடக்கின்றன, மந்திரிகள் மூன்றும் கறுப்புக் கட்டங்களில் ஓடுபவை. வெள்ளை ராசா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவிக்கொண்டிருந்தால் ஆட்டம் சமநிலைதான். இப்படி எதிராளி உள்ளே நுழைய முடியாத அரண் நிலை ஒன்றையும், அதிலே ஒரு சிப்பாயை மட்டும் நகர்த்தி அடைப்பைத் திறந்துவிட்ட நிலையையும் அடுத்தடுத்துக் கொடுத்தால், விளங்கிக்கொண்ட மென்பொருளின் மதிப்பீடு இரண்டுக்குமிடையில் பெரிதாக மாற வேண்டும். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுமானால், அது காய்களை எண்ணுகிறதே தவிர நிலையைப் பார்க்கவில்லை.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டொக்ஃபிஷ் இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை நிலைகளைப் பார்த்ததும் நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடும் வசதியும் அதிலேயே உண்டு. விருப்பமுள்ள பெற்றோர் முதலில் பெட்ரோசியனின் நிலையை, வரம்பை மிகச் சிறிதாக வைத்து, பிள்ளையோடு சேர்ந்து ஓட்டிப் பார்க்கலாம்.