சுக்கான் கயிற்றுக்கா இவ்வளவு அலைச்சல்?

லட்சத்துக்கு மேல் காசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் மீன்பிடி கயாக்கை, அதாவது ஓரிருவர் உட்கார்ந்து ஓட்டுகிற குறுகலான சின்னப் படகை, விற்கிறார்கள். ஆனால் அதன் சுக்கானை இழுக்கிற கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், ஒருவரிடமும் பதில் இருக்காது. என்ன தடிமன் என்று தெரியாது. எந்தப் பொருளில் பின்னியது என்று தெரியாது. கையேட்டைப் புரட்டினால் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை. சுக்கான் கயிறு என்று வரும்போது மட்டும் ஒரே ஒரு வரி: டீலரை அணுகவும். எந்த டீலரை ஐயா? கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டக் கொல்லங்கோட்டில் குடியிருப்பவனுக்கு யார் டீலர்?

படகு வாங்கியது கொச்சியில். இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். போன் போட்டால், "சார், உங்க பின்கோடு 629ல ஆரம்பிக்குது, அது தமிழ்நாடு. எங்க சர்வீஸ் கேரளாவுக்கு மட்டும்தான்" என்கிறார்கள். சரி என்று சென்னைக்குப் பேசினால், "கேரளாவுல பில் போட்ட படகு, அங்கயே கேளுங்க சார்." என் வீடு தமிழ்நாட்டில், படகு இறக்குவது பொழியூரில், அது கேரளம். இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் போய்வருகிற தூரம்தான். அந்தத் தூரத்தைக் காட்டியே இரண்டு பக்கமும் கைகழுவுகிறார்கள். விற்கும்போது மட்டும் இந்தப் பின்கோடு யார் கண்ணையும் உறுத்தவில்லை. வாட்ஸ்அப்பில் நாளுக்கு நாலு முறை, "எப்ப சார் டெலிவரி எடுக்கறீங்க?"

'கயிறுதானே, அதற்கா இவ்வளவு கோபம்' என்று நினைப்பவர்கள் மழைக்காலத்தில் பூவாறு வந்து பாருங்கள். நெய்யாறு கடலில் சேரும் இடம். மணல்திட்டு உடைந்து பொழி, அதாவது ஆற்றுவாய், திறந்துவிட்டால், நீர் இறங்கும் நேரத்தில் காயல் தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்கு ஓடும். பெடல் கயாக்கில் கால் மிதிக்கும், கை தூண்டிலைப் பிடிக்கும், திசை முழுவதும் சுக்கானை நம்பித்தான். இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. அதைத் திருப்பினால் படகின் வயிற்றுக்குள் ஓடுகிற இரண்டு கயிறுகளில் ஒன்று இழுபடும், மற்றது விட்டுக்கொடுக்கும், பின்தலையில் சுக்கான் திரும்பும். ஒரு கயிறு அறுந்தால் சுக்கான் ஒரே பக்கம்தான் போகும், மிதிக்க மிதிக்கப் படகு வட்டமடிக்கும். இரண்டும் போய்விட்டால், கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்ததும் படகின் முன்பக்கமான அணியம் தானாகக் காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும். சுக்கான் இல்லாமல் முன்னே ஓடுகிற கயாக்கின் இயல்பே அது. கச்சான் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. படகின் மூக்கு கடலைப் பார்த்து நிற்க, கீழே ஓட்டமும் கடலுக்கே இழுக்க, ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள், அப்போது தெரியும் இது வெறும் கயிறா இல்லையா என்று.

எனக்கு அறுந்தது பொழிக்குப் பக்கத்தில் இல்லை. ஏ.வி.எம். கால்வாய்ப் பக்கம், ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிற இடத்தில். வேர் சுக்கானில் சுற்றியிருந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன், டப் என்று ஒரு சத்தம், கைப்பிடி பிடிமானமே இல்லாமல் சுழன்றது. கரையேறி அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கயிறு மற்ற இடங்களில் புதிதுபோலவே இருக்கிறது. உள்குழாய் முடிந்து கயிறு வெளியே வருகிற விளிம்பு தொடும் ஒரு விரற்கடை நீளத்தில் மட்டும் இழை இழையாகப் பிரிந்து, இடுக்குகளில் வெள்ளையாக உப்பு. குழாயின் விளிம்பைத் தடவினால் நகத்தில் பிசிறு தட்டுகிறது. தொழிற்சாலையில் பிளேடால் வெட்டியவர் வெட்டியபடியே விட்டிருக்கிறார். ஒரு துண்டு உப்புத்தாள், அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து, என் உயிர் தொங்குகிற கயிற்றை ஒரு ரம்பத்தின் மேல் ஓடவிட்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில்: "கயிறு தனியா வராது சார். முழு ஸ்டீரிங் கிட்தான் வாங்கணும். இம்போர்ட், ரெண்டு மூணு மாசம் ஆகும்." கைப்பிடி நன்றாக இருக்கிறது, சுக்கான் நன்றாக இருக்கிறது, கப்பி நன்றாக இருக்கிறது. தேய்ந்தது இரண்டு பக்கமும் சேர்த்து ஏழெட்டு மீட்டர் கயிறு. அதற்கு முழு கிட்டா? மூன்று மாதம் படகைத் தென்னை மூட்டில் கவிழ்த்துப் போட வேண்டுமா?

அடுத்து இன்னொரு டெக்னீஷியன் போனில் வந்தார். "பழைய கயிறை முழுசா உருவிப் போட்டுட்டு, அளவெடுத்து அனுப்புங்க சார்." இதைக் கேட்டதும்தான் உண்மையிலேயே கொதித்துப் போனேன். உள்ளே இருக்கிற பழைய கயிறுதான் புதியதை வழிநடத்துகிற ஒரே ஆள். அதன் வாலில் புதியதைக் கட்டி இழுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். உருவிப் போட்டுவிட்டால், கை நுழையாத, கண்ணுக்குத் தெரியாத நீண்ட குழாய்க்குள் வளைகிற கயிற்றைத் தள்ள வேண்டும். கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? படகைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஆளை டெக்னீஷியன் என்று உட்காரவைத்து, காசு கொடுத்தவனுக்கு யோசனை சொல்ல விடுகிறார்கள்.

பொழியூர் கரையில் வலை சீர்படுத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்களே, எங்க எஞ்சினுக்கு ஒரு நட்டு வேணும்னா விழிஞ்ஞத்துல போனா கையோட வாங்கிட்டு வரலாம். உனக்கு இந்தக் கயிறு கூடவா கிடைக்கல?" நான் என்ன பதில் சொல்ல?

கடை கடையாக ஏறினேன். வலைக்கடையில் நைலான் கயிற்றை எடுத்து நீட்டினார்கள். நைலான் இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் இளகும். நங்கூரக் கயிற்றுக்கு அந்தக் குணம் நல்லது. சுக்கானில் போட்டால் கைப்பிடியைத் திருப்புகிற முதல் பாதி கயிறு நீள்வதிலேயே போய்விடும், அதன் பிறகுதான் சுக்கான் அசையும். மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் பைக் கிளட்ச் கேபிளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். துத்தநாகம் பூசிய இரும்பு அது, உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கேட்டால் 316 ரகம் என்று சொல்லி 304 ரகத்தைத் தலையில் கட்டுகிறார்கள். 316இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் அரித்துக் குழி போடுவதைத் தாமதப்படுத்துவது அதுதான். 304இல் அது கிடையாது. கண்ணால் பார்த்தோ காந்தத்தை வைத்தோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். போதாததற்கு முனையை மடக்கிப் பிடிக்க அலுமினிய ஸ்லீவ் தருகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

வேண்டியது டைனீமா. ஸ்பெக்ட்ரா என்று எழுதியிருந்தாலும் சரிதான், இரண்டும் ஒரே வகை பாலிஎத்திலீன் இழை. நாம் ரீலில் சுற்றியிருக்கிற பிரெய்டு என்கிற பின்னல் தூண்டில் நூலும் இதே பொருள்தான். தண்ணீர் உறிஞ்சாது, அறுகிற வரைக்கும் மூன்று நான்கு சதவீதம்தான் நீளும். கொடுவாவுக்கும் செம்பல்லிக்கும் போடுகிற மெல்லிய பிரெய்டு எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கிறது. அதே பொருளில் 2 மி.மீ. கயிறு கேட்டால் கைவிரிக்கிறார்கள். ஆன்லைனில் டைனீமா என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒன்றை வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டுப் பிழிந்துவிட்டேன். கல்லாக மூழ்கியது. டைனீமா தண்ணீரை விட லேசானது, மூழ்கவே மூழ்காது. வந்தது பாலியெஸ்டர். திருப்பி அனுப்ப மறுபடியும் அதே பின்கோடு தகராறு.

கடைசியில் நல்ல கயிறு கிடைத்தது, பாய்மரப் படகுக்குச் சாமான் விற்கிற ஒரு இடத்தில், மீட்டர் கணக்கில். முழு கிட்டுக்குச் சொன்ன விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வேலையை நானே செய்தேன். எனக்கு ஒருவரும் சொல்லித்தராததை எழுதி வைக்கிறேன், அடுத்தவராவது அலையாமல் இருக்கட்டும்.

அறுகாத பக்கத்தை முதலில் மாற்றுங்கள், அது சுலபம். பழைய முனையையும் புதிய முனையையும் நேருக்கு நேர் வைத்து, ஊசி நூலால் நாலு தையல் போட்டு, மேலே இன்சுலேஷன் டேப்பை ஒரே சுற்றாக இறுக்கிச் சுற்றுங்கள். முடிச்சுப் போட்டால் குழாய்க்குள் மாட்டிக்கொள்ளும். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். அறுந்த பக்கத்தில் மிச்சக் கயிறு குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றால் கொக்கிக் கம்பியால் வெளியே எடுத்துவிடலாம். எட்டாவிட்டால் தையல் நூலின் நுனியில் பிளாஸ்டிக் பையின் சின்னத் துண்டைக் கட்டிக் குழாயின் ஒரு வாயில் விட்டு, மறு வாயில் வேக்குவம் கிளீனரை வையுங்கள். நூல் பாய்ந்து வந்துவிடும். அந்த நூலால் கொஞ்சம் தடித்த கயிற்றை இழுத்து, அதால் சுக்கான் கயிற்றை இழுங்கள். அதற்கு முன் குழாயின் இரண்டு விளிம்புகளையும் உப்புத்தாளால் வழவழவென்று தேயுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல கயிறு போட்டாலும் அதே இடத்தில் அறுந்துவிடும்.

முடிச்சிலும் கவனம் வேண்டும். டைனீமா வழுக்கும், சாதாரண முடிச்சு இழு விசையில் நழுவி அவிழ்ந்துவிடும். எட்டு முடிச்சை இரட்டையாகப் போட்டு, நனைத்து இறுக்கி, வாலை இரண்டு விரற்கடைக்குக் குறையாமல் விடுங்கள். நுனி பிரியாமலிருக்கத் தீயில் காட்டுபவர்கள் முடிச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 150 டிகிரி வாக்கிலேயே இது உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் குறைய ஆரம்பிக்கும்.

இன்னொன்று, இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. மத்தியான வெயிலில் காய்ந்த படகில் கயிற்றை இறுக்காதீர்கள். படகு பிளாஸ்டிக், சூட்டில் நீளும். நாலு மீட்டர் படகு இருபது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். கயிறு அந்த அளவுக்கு நீளாது. வெயிலில் டக்கென்று இறுக்கி வைத்த கயிறு, படகு தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்ததும் தொளதொளத்துப் போகும். நிழலில் வையுங்கள், அல்லது தண்ணீரில் மிதக்கவிட்டுச் செய்யுங்கள். கைப்பிடி நடுவில், சுக்கான் நேராக, அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கம்.

இவ்வளவுதான் வேலை. ஒரு சாயங்காலத்தில் முடிகிற இந்த வேலைக்கு ஏன் ஒரு மனிதனை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் பந்தாட வேண்டும்? விற்கிறவர்களே, படகு செய்கிறவர்களே, நேராகவே கேட்கிறேன். தேயும் என்று நிச்சயமாகத் தெரிந்த பொருளுக்கு அளவையும் பொருளையும் கையேட்டில் அச்சடிக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? ஒவ்வொரு படகோடும் ஒரு ஜோடிக் கயிறு உபரியாக வைத்தால் உங்கள் லாபத்தில் எவ்வளவு குறைந்துவிடும்? குழாய் விளிம்பைத் தேய்த்து அனுப்புங்கள். கயிற்றை மீட்டர் கணக்கில் விலைப்பட்டியலில் போடுங்கள். இந்தப் பக்கத்து 629 பின்கோடுக்கும் பொழியூர்ப் பக்கத்து 695க்கும் ஒரே கூரியர்தான் வருகிறது, அனுப்புங்கள்.

வாங்கப் போகிறவர்களே, கடையில் தூண்டில் தாங்கி எத்தனை, ஃபிஷ் ஃபைண்டர் மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், படகைக் கவிழ்த்துப் பின்தலையில் கயிறு வெளிவருகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுக்கான் கயிறு தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நான் கொஞ்சம் கூடுதலாகவே கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை, அந்தப் பக்கம் பூவாறு வரை, கயாக்கில் சுக்கான் கயிறு அறுந்து யாராவது நின்றால் சொல்லுங்கள், வாங்கிய விலைக்கே தருகிறேன். உப்புத்தாளும் என்னிடம் இருக்கிறது. முழு கிட்டுக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.